ஜூரியில்லாத மன்றத்தில் விபத்து வழக்கறிஞர்

உடற்காயத்திற்கும் உயிரிழப்பிற்கும் பணமாக ஈடு கேட்டு வாதாடுவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர் என்னும் தனி வகையினர் இந்திய நீதிமன்ற வளாகங்களில் தோன்றியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அமெரிக்காவில் அதற்கு முன்பே அத்தகையோர் பெயரும் செல்வமும் பெற்றுவிட்டனர். அங்கு இழப்பீட்டு வழக்கைத் தீர்மானித்தவர்கள் ஜூரிகள், அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர்கள். அவர்களின் மனத்தை அசைக்கத் தெரிந்தவரே சிறந்த வழக்கறிஞராகக் கருதப்பட்டார். சான் பிரான்சிஸ்கோவின் மெல்வின் பெல்லி, டிராம் வண்டியில் காலை இழந்த பெண்ணுக்காக 1940-களில் வாதாடியபோது, மஞ்சள் காகிதத்தில் சுற்றிய நீண்ட பொட்டலம் ஒன்றை நாள்தோறும் மேசைமேல் வைத்திருந்தார். அது வெட்டுண்ட கால்தானோ என்று ஜூரிகள் அஞ்சும்படி விட்டு, இறுதியில் அதைப் பிரித்து உள்ளிருந்த செயற்கைக் காலை அவர்கள் கையிலேயே கொடுத்தார். இந்தியாவில் இத்தகைய காட்சிக்கு இடமே இருந்ததில்லை. இங்கு சிவில் வழக்குகளில் ஜூரி முறை வேர்விடவில்லை. வழக்கில் வெல்லும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறுவதும் வழக்கறிஞர்களுக்கு மறுக்கப்பட்டது. பிற்காலத்தில் தோன்றிய தீர்ப்பாயங்களோ சொல்வன்மையைவிடக் காகிதங்களையும் பெருக்கல் கணக்கையும் நம்பின. இந்திய விபத்து வழக்கறிஞர் பேச்சாளராக வளராமல் ஆவணம் திரட்டுபவராகவும் கணக்கராகவும் வளர்ந்ததற்கு இந்த மூன்றும் காரணம்.

இத்துறையின் சட்ட வேர் இங்கிலாந்தில் உள்ளது. அங்கு 1808-இல் ஒரு பயணிகள் குதிரைவண்டி கவிழ்ந்து, அதன் மேற்கூரையில் கணவனுடன் பயணம் செய்த மனைவி காயமுற்றுச் சுமார் ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் இறந்தாள். கணவன் தொடுத்த அந்த பேக்கர்–போல்டன் வழக்கில் தலைமை நீதிபதி எல்லன்பரோ, ஒரு மனிதரின் மரணத்தைக் காயமாகக் காட்டி சிவில் நீதிமன்றத்தில் ஈடு கேட்க முடியாது என்றார். மனைவி உயிரோடிருந்த அந்த ஒரு மாதத்திற்கு மட்டும் கணவனுக்கு 100 பவுண்டு கிடைத்தது. காயப்படுத்தியவன் பணம் கட்ட வேண்டும், கொன்றுவிட்டவன் கட்ட வேண்டியதில்லை என்னும் இந்த விபரீதம், ரயில் விபத்துகள் பெருகிய பிறகே ஆங்கிலேயர் கண்ணில் உறுத்தியது. 1846-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய உயிரிழப்பு விபத்துச் சட்டம் அதைத் திருத்தியது. அதை அடியொற்றி இந்தியாவில் 1855-இல் 13-ஆம் எண் சட்டம் வந்தது. பிறரது தவறான செயலாலோ கவனக்குறைவாலோ ஒருவர் இறந்தால், அவருடைய மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் நன்மைக்காக இழப்பீட்டு வழக்குத் தொடரலாம் என்றது இச்சட்டம். பம்பாயில் முதல் பயணிகள் ரயில் ஓடி அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட இன்னும் ஓராண்டு இருந்தது. ரயிலின் ஆபத்தை முன்னறிந்து இயற்றியது என்று இதனைப் புகழ்வதைவிட, இங்கிலாந்தில் நடப்பது இங்கும் நடக்கட்டும் என்ற காலனியச் சட்டமியற்றலின் வழக்கமான போக்கு என்று கொள்வதே பொருந்தும்.

சட்டம் வந்ததே தவிர, வழக்குகள் பெரிதாக வரவில்லை. காலனிய காலத்தின் முதன்மையான கவனக்குறைவு வழக்கு ஒன்று மனிதக் காயத்தைப் பற்றியதுமன்று. கல்கத்தாவின் கிதர்பூர் கப்பல் கட்டுந்தளத்தில் அரசாங்கத் தொழிலாளர்கள் நீராவிக் கப்பலுக்கான கனத்த இரும்புப் பகுதி ஒன்றைச் சாலையின் நடுவே தூக்கிச் சென்றபோது, பின்னால் குதிரைவண்டி வருவது கண்டு பதறி அதைக் கீழே போட்டனர். அந்த ஓசையில் மிரண்டு பாய்ந்த குதிரைகளில் ஒன்று இரும்பில் மோதிக் காயமுற்றது. வண்டிக்குச் சொந்தமான பெனின்சுலர் அண்டு ஓரியண்டல் கப்பல் நிறுவனம் 350 ரூபாய் கேட்டது. 1861-இல் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் இறையாண்மைப் பணி, வணிகப் பணி என்று அரசின் செயல்களைப் பிரித்து, கப்பல் தளம் நடத்துவது போன்ற பணிகளில் நேரும் கவனக்குறைவுக்கு அரசு ஈடு தர வேண்டும் என்றார். நூறாண்டு கழித்து, ராஜஸ்தானில் மாவட்ட ஆட்சியரின் ஜீப் பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து திரும்பும் வழியில் மோதி ஒருவர் இறந்த வித்யாவதி வழக்கில், 1962-இல் உச்ச நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியபோதும் அந்தக் குதிரைக் காயத்துத் தீர்ப்பே விவாதத்தின் நடுவில் நின்றது.

சாதாரணக் குடும்பங்கள் நீதிமன்றப் படியேறாததற்குக் காரணங்கள் எளியவை. சிவில் வழக்கில் கேட்கும் தொகை உயர உயர நீதிமன்றக் கட்டணமும் உயரும். குடும்பத்தின் சம்பாத்தியமே நின்றுபோன நிலையில் அக்கட்டணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். எதிர்த்தரப்பின் கவனக்குறைவை நிரூபிக்கும் சுமை வழக்குத் தொடுத்தவரையே சாரும். பல ஆண்டுகள் காத்திருந்து வென்றாலும், எதிரி வெறும் வண்டிக்காரனாகவோ சிறு முதலாளியாகவோ இருந்தால் தீர்ப்புக் காகிதம் மட்டுமே மிஞ்சும். தொழிற்சாலைகளில் மேலும் ஒரு தடை இருந்தது. உடன் வேலை செய்பவரின் தவறால் ஒரு தொழிலாளி காயமுற்றால் முதலாளி பொறுப்பல்ல என்னும் கோட்பாடு 1837-இல் இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி–ஃபவுலர் வழக்கிலிருந்து கிளைத்தது. பொது வேலைக் கோட்பாடு என்று சட்ட நூல்கள் குறிக்கும் இது இந்தியாவில் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தளர்ந்தது.

முதல் உடைப்பு தொழிலாளர் பக்கமிருந்தே வந்தது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேரும் காயத்திற்கு யார் தவறு என்று பாராமல் முதலாளி ஈடு தர வேண்டும் என்றது. சிவில் நீதிமன்றத்திற்குப் பதிலாக ஆணையர் முன் மனு. மனு செய்ய வழக்கறிஞர்தான் வேண்டும் என்பதில்லை, பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியே முன்னிற்கலாம். இச்சட்டத்தின் முதல் அட்டவணை, மனித உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போகும் என்று சொன்னது. அதன் பிற்கால வடிவில் கட்டைவிரல் முழுவதும் போனால் 30, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7, மறு கண் நலமாக இருக்க ஒரு கண்ணே போனால் 40 என்று அது நீண்டது. படிப்பவருக்குக் கொடூரமாகத் தோன்றும் இந்தப் பட்டியலை ஆலைத் தொழிலாளி வரவேற்கக் காரணம் இருந்தது: சுண்டுவிரலின் மதிப்பைப் பற்றி முதலாளியின் வழக்கறிஞரோடு வாதாட வேண்டிய அவசியமே இதனால் இல்லாமல் போயிற்று. இந்திய விபத்துச் சட்டம் பின்னர் சென்ற பாதை முழுவதும் ஏறத்தாழ இந்தப் பட்டியலிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

தனித் தொழிலாக இத்துறை உருவாக இன்னும் இரண்டு தேவைப்பட்டன: பணம் கட்டக்கூடிய எதிரி, செலவில்லாத மன்றம். முதலாவதை 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தந்தது. வாகன உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் அல்லாத மூன்றாம் நபருக்கு நேரும் தீங்கிற்குக் காப்பீடு கட்டாயம் என்னும் அதன் எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. லாரி உரிமையாளர் ஓட்டாண்டியானாலும் தீர்ப்புத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் கட்ட வேண்டும் என்ற நிலை உருவானதும், விபத்து வழக்கு நடத்துவதில் பொருள் இருந்தது. இரண்டாவதை 1956-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. 110 முதல் 110-எஃப் வரையிலான பிரிவுகள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களை உருவாக்கி, சிவில் நீதிமன்றங்களின் அதிகாரத்தை அவ்வளவில் விலக்கின. தீர்ப்பாயம் தனக்கு நியாயமாகத் தோன்றும் தொகையை வழங்கலாம் என்ற விரிந்த அதிகாரமும் அதில் இருந்தது. கேட்ட தொகையைவிடக் கூடுதலாகவே வழங்கலாம் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் நாகப்பா வழக்கில் சொன்னது இந்தச் சொற்களை நம்பியே.

சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் மாவட்டங்களில் மாவட்ட, சார்பு நீதிபதிகளும் இத்தீர்ப்பாயங்களாக அமர்ந்தனர். மோட்டார் விபத்து இழப்பீட்டு மூல மனு என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எம்.சி.ஓ.பி. தமிழக வக்கீல் குமாஸ்தாக்களின் அன்றாடச் சொல்லாயிற்று. அந்த மனுவின் கட்டைப் பிரித்தால் தொழிலின் இயல்பு விளங்கும். காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, விபத்து நடந்த இடத்தின் பார்வை மகஜர் எனப்படும் நேரடிப் பதிவு, கையால் வரைந்த மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருந்து ரசீதுகள், வயதுக்குப் பள்ளிச் சான்று, வருமானத்திற்குச் சம்பளச் சீட்டு, வாரிசுச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமத்தின் நகல், காப்பீட்டுப் பத்திரத்தின் நகல் ஆகியவை வரிசையாக இருக்கும். இவற்றில் எது குறைந்தாலும் வழக்கு தள்ளாடும். எல்லாம் இருந்தால் வாதத்திற்கு வேலை குறைவு. நல்ல விபத்து வழக்கறிஞர் என்று பெயரெடுத்தவர்களின் திறமையில் பாதி, குடும்பம் துக்கத்தில் இருக்கும்போதே இந்தக் காகிதங்களைத் தவறவிடாமல் திரட்டச் செய்வதில் இருந்தது.

கவனக்குறைவை நிரூபிக்கும் சுமை மட்டும் 1956-க்குப் பின்னும் நீடித்தது. மரத்தில் மோதிய கார் ஒன்றைப் பற்றிய புஷ்பாபாய் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம், ஓடும் கார் தானாகச் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதாது, எனவே நிகழ்வே தவறைப் பேசும், விளக்க வேண்டியது ஓட்டியவர் தரப்பே என்று அச்சுமையைத் தளர்த்தியது. அதே ஆண்டில் மீனு மேத்தா வழக்கில் தவறில்லாமல் பொறுப்பில்லை என்று மற்றோர் அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டதால், சட்டமே மாற வேண்டியிருந்தது. 1982-இல் சேர்க்கப்பட்ட 92-ஏ பிரிவு, யார் தவறு என்று பாராமல் இறப்புக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்திற்கு 7,500 ரூபாயும் வழங்கச் செய்தது. 1988-ஆம் ஆண்டின் புதிய சட்டம் அவற்றை 25,000, 12,000 என்றும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் 50,000, 25,000 என்றும் உயர்த்தின. அந்த 1994 திருத்தமே, ஆண்டு வருமானம் 40,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு வயதையும் வருமானத்தையும் கொண்ட ஆயத்த அட்டவணை ஒன்றையும் தந்தது.

தொகையைக் கணக்கிடும் முறையே இத்தொழிலின் உண்மையான கல்வி. இறந்தவர் குடும்பத்திற்கு ஆண்டுதோறும் தந்திருக்கக்கூடிய தொகையை அவர் வயதுக்குரிய ஓர் எண்ணால் பெருக்குவது பெருக்கி முறை. 1942-ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றிலிருந்து வந்த இதனை 1993-இல் சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆயினும் ஒவ்வொரு தீர்ப்பாயமும் தன் விருப்பப்படி எண்ணைத் தேர்ந்ததால் ஒரே வயதினருக்கு வெவ்வேறு தொகைகள் கிடைத்தன. 2009-இல் சரளா வர்மா வழக்கு அந்தக் குழப்பத்தை முடித்து, 15 முதல் 25 வயது வரை 18 என்று தொடங்கி 65-க்கு மேல் 5 என்று இறங்கும் ஒரே அட்டவணையை நாடெங்கும் நிலைநாட்டியது. எதிர்கால வருமான உயர்வை எவ்வளவு சேர்க்கலாம் என்பதை 2017-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பிரணய் சேத்தி வழக்கில் வரையறுத்தது. சொந்தத் தொழில் செய்து மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய 32 வயது மெக்கானிக் ஒருவர், மனைவி, இரு பிள்ளைகள், தாய் ஆகியோரை விட்டு இறந்ததாகக் கொண்டால், 40 வயதுக்குட்பட்டவர் என்பதால் 40 விழுக்காடு கூட்டி 21,000, நால்வர் சார்ந்திருப்பதால் அவரது சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்து 15,750, ஆண்டுக்கு 1,89,000, அந்த வயதுக்குரிய 16-ஆல் பெருக்க 30,24,000 ரூபாய். இதற்குமேல் ஈமச் செலவு, துணை இழப்பு போன்ற தலைப்புகளில் நிலையான சிறு தொகைகள் சேரும். இவ்வளவு தெளிவான கணக்கில் வழக்கறிஞர் எங்கே வாதாடுகிறார் என்றால், அந்த முதல் 15,000-இல்தான். சம்பளச் சீட்டு இல்லாத கொத்தனாருக்கும் பூ விற்பவருக்கும் மாத வருமானம் என்ன என்ற கேள்வியில் ஓராயிரம் ரூபாய் ஏறினால், மேற்கண்ட கணக்கில் இறுதித் தொகை இரண்டு லட்சத்திற்கும் மேல் ஏறும்.

உயிர் தப்பியவர்களின் வழக்கில் சர்ச்சை வேறு. மருத்துவர் தரும் ஊன விழுக்காடு ஒன்று, அதனால் சம்பாத்தியம் குறையும் விழுக்காடு இன்னொன்று என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கு பிரித்துக் காட்டியது: இடது கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடக்கூடும், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை நிலைக்கும். இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டுவதிலேயே இத்தொழிலில் நுட்பமானவர்கள் தெரிந்தனர். சம்பளமே இல்லாத உழைப்பின் மதிப்பு அதைவிடக் கடினமானது. 1994 அட்டவணை இல்லத்தரசியின் வருமானத்தைச் சம்பாதிக்கும் கணவரது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தது. கணவனின் சம்பளம் குறைந்தால் மனைவியின் சமையலும் மலிவாகிவிடும் என்ற இந்தத் தர்க்கம் எவ்வளவு அபத்தம் என்பதை 2010-இல் உச்ச நீதிமன்றம் அருண்குமார் அகர்வால் வழக்கில் கண்டித்தது. 2021-இல் கீர்த்தி வழக்கிலும் இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பிட வேண்டியதன் காரணங்களை அது விரிவாக எழுதியது. அட்டவணைகள் நியாயத்தைத் தரவில்லை என்பதல்ல. அவை ஆண்களின் சம்பளச் சீட்டை அளவுகோலாக வைத்துப் பிறந்தவை.

கட்டணத்தின் வரலாறு இவ்வளவு தெளிவானதன்று. பிறர் வழக்கிற்குப் பணம் போட்டு வெற்றியில் பங்கு கேட்பதைத் தடுத்த பழைய ஆங்கிலச் சட்டம் இந்தியாவில் செல்லாது என்று 1876-இலேயே பிரிவி கவுன்சில் கூறிவிட்டது. ஆகவே வணிகரோ உறவினரோ வழக்கில் பங்கு பேசலாம். வழக்கறிஞர் மட்டும் பேசக்கூடாது. 1954-இல், மீட்கும் தொகையில் பங்கு பேசிய மூத்த வழக்கறிஞர் ஒருவர் மீதான நடவடிக்கையில் உச்ச நீதிமன்றம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகளும் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதைத் தடுத்தன, விளம்பரம் செய்வதையும் தடுத்தன. அமெரிக்க விபத்து வழக்கறிஞரின் இரண்டு கால்களும் இவை. இவற்றை எடுத்துவிட்டால் கையில் காசில்லாத விதவைக்கு யார் வாதாடுவார் என்ற கேள்விக்கு விதிகள் விடை தரவில்லை. விடையைப் பழக்கம் தந்தது. தெலங்கானாவிலிருந்து சென்ற ஒரு வழக்கில், மோட்டார் விபத்து இழப்பீட்டில் விழுக்காடு கேட்டுப் பெற்ற கட்டணம் சட்டவிரோதம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல நேர்ந்ததே, அந்தப் பழக்கம் அறுபது ஆண்டுகளாக ஒழியவில்லை என்பதற்குச் சான்று. வெளிப்படையாக அனுமதித்து உச்சவரம்பு விதித்திருந்தால் கட்சிக்காரருக்கு ஓர் எண்ணாவது தெரிந்திருக்கும். தடை இருந்ததால் பேரம் எழுத்தில்லாமல் நடந்தது.

விளம்பரத் தடையின் மறுபக்கம் தரகர். வழக்குப் பிடித்துத் தருபவர்களின் பட்டியலை நீதிமன்றங்கள் வெளியிடலாம் என்று வழக்கறிஞர் தொழில் பற்றிய 1879-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்லியிருந்ததால், இது மோட்டார் காருக்கும் முந்திய நோய். அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவும் காவல் நிலைய வாசலும் கேஸ் பிடிக்கும் இடங்களாயின. அதன் கடைசிப் படியில் போலி வழக்குகள் வந்தன: வேறெங்கோ விழுந்து காயமுற்றவர் பெயரில், காப்பீடுள்ள வாகனம் ஒன்றைப் பின்னர் பொருத்துவது. உத்தரப் பிரதேசத்தில் இத்தகைய மனுக்களை ஆராய அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015-இல் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. அவற்றில் தொடர்புடைய வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை தாமதமானதை 2021-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கேட்டது.

தமிழகத்தில் இத்தொழிலுக்குத் தனிச்சாயல் ஒன்று உண்டு. பேருந்துகள் அரசுடைமையாகி, 1972-இல் பல்லவன் தொடங்கிப் போக்குவரத்துக் கழகங்கள் பெருகியபோது, தனி நிதி வைத்திருக்கும் அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. ஆகவே அரசுப் பேருந்து மோதிய வழக்கில் பணம் கட்ட வேண்டியது கழகமே. நட்டத்தில் ஓடும் கழகம் தொகையை இழுத்தடித்தது. வழக்கறிஞர் நிறைவேற்று மனுப் போட, நீதிமன்றம் ஜப்திக்கு உத்தரவிட, அமீனா எனப்படும் நீதிமன்றப் பணியாளர் பேருந்து நிலையத்திற்கே சென்று பயணிகளை இறக்கிவிட்டு வண்டியை நீதிமன்ற வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்துவது மாவட்டச் செய்திகளில் வழக்கமான தலைப்பாயிற்று. சில லட்சம் பாக்கிக்காக ஒரு பேருந்தின் ஓட்டம் நின்றால் கழக அதிகாரிகள் விரைந்து பகுதித் தொகையாவது கட்டி வண்டியை மீட்பார்கள். வாதத்தால் வராத பணத்தை வரவழைக்கும் இந்த உபாயத்தைத் தமிழக வழக்கறிஞர்கள் நன்றாகவே கற்றனர்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றங்கள் இத்தொழிலின் இடத்தை மீண்டும் சுருக்குகின்றன. புதிய விதிகளின்படி காவல் துறை 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும். காப்பீட்டு நிறுவனம் அதைப் பெற்ற 30 நாளில் தன் முடிவைச் சொல்ல வேண்டும். தவறு பாராமல் வழங்கும் தொகை இறப்புக்கு 5 லட்சமாகவும் கொடுங்காயத்திற்கு 2.5 லட்சமாகவும் உயர்ந்தது. 1956-இல் 60 நாளாக இருந்து, பிறகு ஆறு மாதமாகி, 1994-இல் அடியோடு நீக்கப்பட்டிருந்த மனுச் செய்யும் கால வரம்பு ஆறு மாதம் என்று திரும்பி வந்தது. காகிதம் திரட்டும் வேலை சட்டப்படி இப்போது காவல் துறையுடையது. வழக்கறிஞருக்கு எஞ்சியிருப்பது கொத்தனாரின் மாத வருமானமும், முறிந்து சேர்ந்த கை இனி எவ்வளவு மடங்கும் என்பதும், காப்பீட்டு நிறுவனம் சொன்ன தொகை போதுமா என்பதும்தான்.